வாசற்படியோடு நின்றுவிடும் சிக்னல்

ஊவாவின் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் "அங்கே கவரேஜ் இருக்கிறது" என்றே இப்போது பதில் வருகிறது. பசறையில் இருக்கிறது, லுணுகலையில் இருக்கிறது, வெலிமடையில் இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்களின் வரைபடங்களைத் திறந்தால் நமது மலைகளின் பெரும்பகுதி நிறம் தீட்டப்பட்டே தெரியும். அந்த நிறத்தைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது தெருவில் நிற்பவனுக்கான உண்மை. வீட்டுக்குள்ளே, சுவர் மூலையில், கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை. நமது ஊர்களில், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு, தெருவில் நிற்பவன் பெரும்பாலும் ஆண். வீட்டுக்குள் இருப்பவள் பெரும்பாலும் பெண். ஆகவே வீட்டுக்குள் சிக்னல் வராத குறையை நான் பெண்பிள்ளைகளின் கல்விக் குறையாகவே பார்க்கிறேன். ஒரு மகளிர் கல்லூரியின் சஞ்சிகையில் இதை எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

நான் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவள். செயலட்டையை வட்ஸ்அப் குழுவில் போட்ட மறுநாள் மாணவியர் சொல்லும் காரணங்களைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். "ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டாத்தான் வரும் டீச்சர்." "குசினியில சுத்தமா இல்ல, இஸ்தோப்புல ரெண்டு கோடு." "தண்ணித் தாங்கிக்கு மேல ஏறினா நல்லா வரும், உம்மா ஏற விடமாட்டா." ஒரு வீட்டில் போனுக்கு நிரந்தர இருப்பிடம் அலுமாரியின் தலை. மழை ஒழுக்குக்குப் பயந்து ஒரு சொப்பிங் பையால் மூடி வைத்திருப்பார்கள். மணி அடித்தால் யாராவது கதிரையில் ஏறி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை எடுக்காமல் கூரையைப் பார்த்தபடியே கதைக்க வேண்டும். அந்த வீட்டில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. மாமியின் சுகவீனமும் வாப்பாவின் கடனும் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று நமது பிள்ளைகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அவை ஒவ்வொரு கம்பெனிப் போனிலும் ஒவ்வொரு விதம். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் அமைப்புப் பகுதிக்குள் 'சிம் நிலை' என்ற இடத்தில் உண்மையான அளவு எண்ணாக இருக்கும். அது எப்போதும் மைனஸ் எண். மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 115 என்றால் இழுபறி. இரண்டுக்கும் வித்தியாசம் முப்பதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறையும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாசலில் நின்ற பிள்ளை நாலடி உள்ளே வந்ததும் 'லைன்' அறுந்து போவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

சுவர் கொஞ்சம் உறிஞ்சும், கொங்கிறீட் தட்டு இன்னும் அதிகம் உறிஞ்சும். தகரம் உறிஞ்சுவதே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். சமவெளி ஊர்களில் கோபுரம் பக்கவாட்டில் இருப்பதால் சிக்னல் ஜன்னல் வழியாக நுழையும். நமக்கு அப்படியல்ல. கோபுரம் மலை முகட்டில், வீடு பள்ளத்தாக்கில். சிக்னல் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்து சாய்வாக இறங்குகிறது. அங்கே அதை எதிர்கொள்வது கூரை. கூரை தகரமாக இருந்தால் வீட்டுக்கு மேலே குடை பிடித்தது போல. ஓட்டு வீட்டுப் பிள்ளைகள் குறைவாகவே முறைப்பாடு செய்கிறார்கள் என்பதை நான் கவனித்ததும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. தாழ்ந்த அலைவரிசைகள், உதாரணமாக 900 மெகாஹேர்ட்ஸ், சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். அதிவேக இணையத்துக்குப் பயன்படும் 2,300, 2,600 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். "கோள் வருது, டேட்டா வருதில்ல" என்று பல வீடுகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் சிலர், "எனக்கு அவங்க குரல் கேட்குது, என்ட குரல் அவங்களுக்குக் கேட்குதில்ல" என்பார்கள். அதுவும் சரிதான். கோபுரம் பல வாட் சக்தியில் உரத்துப் பேசுகிறது. 4ஜி போன் ஆகக்கூடியது 0.2 வாட்டில் முணுமுணுக்கிறது. மழையைக் குறை சொல்லும் வழக்கமும் இருக்கிறது. மழைத்துளி போன் சிக்னலைப் பெரிதாக மறைப்பதில்லை. மழை நாட்களில் போவது மின்சாரம். மின்சாரம் போய், கோபுரத்தின் பற்றரியும் இறங்கிய பிறகு சிக்னலும் போகிறது.

இனித் தோட்டப்பக்கம் வருவோம். இந்தக் கல்லூரிக்கு மாற்றலாகி வருமுன் லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சில வருடங்கள் கற்பித்தேன். லயத்தை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வறுமையின் அடையாளம். என் பாடத்தின் கண்ணால் பார்த்தால், சிக்னலை வெளியே நிறுத்துவதற்கென்றே யாரோ திட்டம் போட்டுக் கட்டியது போல் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. மேலே தகரம், பல இடங்களில் கறுத்துத் துருவேறியது. முன்னால் ஒரு கதவு, ஒரு சிறு ஜன்னல். அந்த ஜன்னலுக்கும் சில இடங்களில் கண்ணாடிக்குப் பதில் தகரம். பக்கச் சுவர்கள் இரண்டும் அடுத்த வீட்டுக்காரருடையவை. சில லயங்களில் பின்சுவருக்குப் பின்னாலும் இன்னொரு வீடு. இரவு ஜன்னலை மூடினால் போனில் 'சேவை இல்லை' என்று எழுத்து வரும். மேல் லயத்துப் பிள்ளைக்கு வாசலில் இரண்டு கோடு இருந்தால், பணிய லயத்துப் பிள்ளைக்கு வாசலிலும் இல்லை. ஒரே தோட்டம், ஒரே கோபுரம், வரைபடத்திலும் ஒரே நிறம்.

மலை என்றால் அப்படித்தான், என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1924 இல் பதுளைக்கு ரயில் வந்தது. தெமோதரையில் உயரம் இறங்க வழி இல்லாதபோது, பாதையை மலையைச் சுற்றி வளைத்து, மேலே உள்ள நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் போட்டு இறக்கினார்கள். அந்தப் பாதையில் தேயிலை இறங்கியது. சரக்குக்குப் பெறுமதி இருந்தபோது நூறு வருடங்களுக்கு முன்பே நமது மலை வளைந்து கொடுத்திருக்கிறது. இன்று ஒரு லயத்துப் பிள்ளையின் பாடம் உள்ளே போவதற்கு மட்டும் அது குறுக்கே நிற்கிறதாம்!

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் நாடு முழுவதும் இந்த விடயத்தைத் திரும்பிப் பார்த்தது. 2021 இல் நமது ஊவாவின் போஹிட்டியாவ என்ற கிராமத்தைப் பற்றி வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் எழுதின. அங்கே தகவல் தொழில்நுட்ப ஆசிரியை ஒருவரும் ஏறக்குறைய 45 பிள்ளைகளும் புதர்க் காட்டின் ஊடாக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள். அங்கேதான் சிக்னல். ஆசிரியை பாடங்களை அங்கிருந்து ஏற்ற, பிள்ளைகள் அங்கிருந்தே இறக்கினார்கள். எல்லோரிடமும் போன் இல்லாததால் நாலைந்து பேர் ஒன்றைப் பகிர்ந்தார்கள். லுணுகலையில் காட்டுக்குள் மரத்தின் மேல் ஏறக்குறைய முப்பதடி உயரத்தில் பரண் போன்ற ஒரு குடில் கட்டி, பிள்ளைகள் முறை வைத்து ஏறிப் படித்தார்கள். படங்கள் உலகெங்கும் போயின. எல்லோரும் பிள்ளைகளின் விடாமுயற்சியைப் புகழ்ந்தார்கள். புகழத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செய்திகளில் என் கண்ணில் பட்டது வேறு: பெரியவர்கள் கூடவே போக வேண்டியிருந்தது. காட்டு மிருகப் பயம். வேலைக்குப் போக வேண்டிய தாயோ தகப்பனோ ஒரு வேளையை விட்டுக்கொடுத்தால்தான் பிள்ளைக்கு அன்றைய பாடம். கூட வர ஆளில்லாத பிள்ளை, அதிலும் வயதுக்கு வந்த பெண்பிள்ளை, படத்தில் இருந்திருக்க முடியாது.

நமது வீடுகளிலும் அதே கதைதான், பாறைக்குப் பதில் சந்தி. மஃரிபுக்குப் பிறகு பெண்பிள்ளையைச் சந்திக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. நான் அதைக் குறை சொல்லவில்லை. என் வாப்பாவும் என்னை அனுப்பியிருக்க மாட்டார். ஆகவே நானா போனைக் கொண்டுபோகிறான். சந்தியில் நின்று தங்கையின் பாடங்களை இறக்கிக்கொண்டு வருகிறான். நல்ல நானாமார், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் பாடம் வீட்டுக்குள் வருகிறதே தவிர, பிள்ளையின் கேள்வி வெளியே போவதில்லை. ஆசிரியை இரவு எட்டு மணிக்குச் சொன்னதை அவள் பத்து மணிக்குக் கேட்கிறாள். விளங்கவில்லை என்று எழுதினால் அது அடுத்த நாள் நானா சந்திக்குப் போகும்போதுதான் என்னிடம் வரும். சில கேள்விகளை நானாவின் கையில் கொடுக்கவும் முடியாது. உயிரியலில் இனப்பெருக்கத் தொகுதிப் பாடத்தில் ஒரு சந்தேகம் என்றால், அல்லது உடம்பில் ஒரு மாற்றம் என்றால், பிள்ளை எழுதாமலே விட்டுவிடுவாள். எழுதாமல் விட்ட கேள்விகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

பெற்றோரில் ஒரு பகுதியினரின் மனதில் இருப்பதையும் இங்கே மறைக்காமல் பேச வேண்டும். பெற்றோர் சந்திப்பில் ஒரு தாய் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: "சிக்னல் இல்லாதது நல்லம் டீச்சர். இருந்தா பிள்ள போனுக்குள்ளயே கிடப்பா." அந்தப் பயம் வெறும் பயமல்ல. நாளுக்கு மூன்று மணித்தியாலம் சிறு காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் மாணவியரை எனக்குத் தெரியும். இருந்தும் அந்தத் தாயோடு நான் உடன்படவில்லை. சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளை போனை விட்டுவிடுவதில்லை. சிக்னல் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு போகிறாள். பின்வளவு, மொட்டை மாடி, கூட்டாளி வீடு, வகுப்பு முடிந்து வரும் வழி. அங்கெல்லாம் உம்மா இல்லை. ஹோலில் விளக்குக்குக் கீழே, உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாயின் பக்கத்தில் சிக்னல் இருந்தால் பிள்ளை அங்கேதான் இருப்பாள். போனை எத்தனை மணிக்குக் கீழே வைப்பது என்பது வீட்டின் ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தகரக் கூரையிடம் ஒப்படைக்கக் கூடாது.

தோட்டப் பாடசாலையில் எனக்கிருந்த ஒரு மாணவியின் தாய் குவைத்தில் வீட்டு வேலை. அங்கே வேலை ஓய்ந்து அந்தத் தாய்க்குப் போன் கையில் கிடைக்கும்போது இரவு பத்து மணியாகும். குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். இங்கே நடுச்சாமம் கடந்து பன்னிரண்டரை. அவர்களது காம்பராவுக்குள் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தது கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்கு மேலே உள்ள பாறையில். பன்னிரண்டரைக்கு எந்தப் பிள்ளை தேயிலைக்குள் ஏறிப் பாறைக்குப் போகும்? தாய் குரல் பதிவு செய்து அனுப்புவார். பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வரும் வழியில் அதை இறக்கி, காதில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வருவாள். இரண்டு வருடம் அந்தத் தாயும் மகளும் கதைத்தது பெரும்பாலும் இப்படித்தான், ஆளுக்கு ஒரு நாள் பிந்தி.

உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நமது மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே குறையாக இருந்தது சிக்னல் அல்ல. சொன்னதைக் கேட்டு மக்களுக்கு மாற்றிடம் கொடுக்கும் மனம். ஆகவே மீரியபெத்தையைச் சிக்னலின் கணக்கில் நான் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மண்சரிவு எச்சரிக்கை மேலும் மேலும் போனை நம்பியே வருகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையை அளக்கிறது: 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். இந்தத் தகவல் குறுஞ்செய்தியாக, வட்ஸ்அப்பாக, கிராம உத்தியோகத்தரின் அழைப்பாகக் கைக்குக் கை வருகிறது. 150 மில்லிமீற்றர் மழை கொட்டும் இரவில் யார் வாசலில் நிற்பார்கள்? கதவு ஜன்னலெல்லாம் மூடி எல்லோரும் உள்ளே படுத்திருப்பார்கள். போனும் உள்ளே, தலைமாட்டில், 'சேவை இல்லை' என்ற எழுத்தோடு கிடக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோயின. கோபுரமே விழுந்தால் வீட்டுக்குள் சிக்னல் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் கோபுரம் விழுவதற்கு முன்னுள்ள மணித்தியாலங்கள்தான் ஓடித் தப்புவதற்கானவை. அந்த நேரத்தில் செய்தி உள்ளே வர வேண்டும். இப்போதைக்கு மழைக்காலத்தில் போனை இரவில் ஜன்னலோரம் வைத்து, மணியை உரக்க வைத்துவிட்டுப் படுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சிறு பிள்ளைக்கும் பாடமாக்கி விடுங்கள்.

அரசாங்கமோ கம்பெனியோ வந்து திருத்தும் வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் கோபுரம் எந்தத் திசையில் என்று கண்டுபிடியுங்கள். இரவில் அதன் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுக்கும். அந்தத் திசைக்குத் திறக்கும் ஜன்னலே உங்கள் வீட்டின் சிறந்த இடம். பழைய போன் ஒன்று இருந்தால் அதில் சிம்மைப் போட்டு, அந்த ஜன்னலில் வைத்து, ஹொட்ஸ்பொட்டைத் திறந்துவிட்டால் பிள்ளை உள்ளே வேறு போனில் இணையத்தைப் பெறலாம். வட்ஸ்அப் அழைப்பும் வரும். ஆனால் குறுஞ்செய்தியும் சாதாரண அழைப்பும் ஜன்னல் போனுக்குத்தான் வரும், அதை மறக்கக் கூடாது. ரவுட்டர் வாங்கிய வீடுகளில் அதை டீவிக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஜன்னல்தான் இடம். வெளி அன்டெனா பொருத்தும் துளை உள்ள ரவுட்டர் என்றால் கூரைக்கு மேலே ஒரு குழாயில் அன்டெனாவைக் கோபுரத் திசைக்குத் திருப்பிப் பூட்டி, வயரை உள்ளே கொண்டுவரலாம். தகர வீட்டுக்கு இதுவே மிகவும் பயன் தருவது. வயர் நீளமானால் சிக்னல் வயருக்குள்ளேயே குறையும், ஆகவே குட்டையாக இருக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிட வேண்டும். சிம் வாங்குமுன் அயல் வீட்டாரிடம் எது உள்ளே வருகிறது என்று கேளுங்கள், விளம்பரத்தைக் கேட்காதீர்கள். புதுக்கூரை போடும் வசதி வந்தால், முடிந்தவர்கள் ஓட்டை யோசியுங்கள். வெக்கையும் குறையும்.

போனின் முதுகில் ஒட்டும் 'சிக்னல் ஸ்டிக்கர்' என்று ஒன்று விற்கிறார்கள். அது ஒரு துண்டு உலோகத் தாள். அந்தக் காசுக்கு இரண்டு கொப்பி வாங்கலாம். 'பூஸ்டர்' பெட்டிகள் வேறு விடயம். அவை உண்மையாகவே வேலை செய்யும், அதுதான் பிரச்சினை. அனுமதியில்லாத பூஸ்டர் கோபுரத்துக்கே இரைச்சலை அனுப்பி, அயலவர் எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கக்கூடும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இத்தகைய வானலைக் கருவிகளுக்கு உரிமம் வேண்டும். நமது வீட்டுக்குச் சிக்னல் எடுத்து அடுத்த வீட்டாரின் அழைப்பை அறுப்பது அயலாரின் உரிமையிலும் கைவைப்பதாகும்.

கோபுரம் வேண்டாம் என்று கையெழுத்துச் சேகரிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கதிர்வீச்சுப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் வானலைகளை 'புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவின் பொருள், ஆதாரம் வலுவாக இல்லை, ஆனால் முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது என்பதே. ஆனால் உடம்புக்கு ஆகக் கிட்டத்தில் இருக்கும் வானலைக் கருவி மலையிலுள்ள கோபுரமல்ல. காதில் வைத்த போன். சிக்னல் பலவீனமாகும்போது போன் தன் சக்தியைக் கூட்டுகிறது. கோபுரம் எட்டவிருக்கும் வீட்டில் பற்றரி சீக்கிரம் இறங்குவதும் போன் சூடாவதும் அதனால்தான். கோபுரத்தைத் தூரத் தள்ளினால் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் போன் கடினமாக உழைக்கும். இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கையெழுத்து வையுங்கள்.

இனி அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு என்ற அரசின் திட்டம் 2020 இல் இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கியது. புதிய கோபுரங்கள் வருவது நல்லதே. ஆனால் கோபுரத்தை எண்ணுவதாலோ, வீதியில் வாகனத்தை ஓட்டி அளப்பதாலோ மட்டும் என் மாணவிக்குப் பாடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பிரித்தானியாவின் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம், கட்டடங்களுக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று கவரேஜை இரண்டாகப் பிரித்தே அறிக்கை வெளியிடுகிறது. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 இல் கட்டடங்களுக்கே இணைப்புத் தரம் வழங்கும் விதிகளைக் கொண்டுவந்தது. நமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அப்படி இரண்டு எண்களாக, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. பெருந்தோட்டமே எப்போதும் கடைசி. அதற்குப் பக்கத்தில் வீட்டுக்குள் சிக்னல் எவ்வளவு என்ற ஒரு நிரலையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஒருமுறை நான் ஒரு கம்பெனிக்கு அழைத்து என் வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றேன். அந்தப் பக்கமிருந்த தம்பி மிகவும் மரியாதையாக, "மெடம், உங்கட ஏரியாவுல கவரேஜ் நல்லா இருக்குது, கொஞ்சம் வெளிய வந்து பாருங்க" என்றார். வெளியே வந்துதான் அவருக்கு அழைத்திருந்தேன். ஒருத்தி சொன்னால் இப்படித்தான் முடியும். இருநூறு வீடுகளின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வேறு மாதிரி.

ஆகவே வரும் தவணை விடுமுறையில் தரம் 9 முதல் 13 வரையான மாணவியர் எல்லோரும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு தாளில் ஐந்து நிரல். வாசல், ஹோல், நீங்கள் படிக்கும் இடம், நீங்கள் படுக்கும் இடம் ஆகிய நான்கிலும் அந்த மைனஸ் எண்ணை எழுதுங்கள். ஐந்தாவது நிரலில் கூரை என்ன என்று எழுதுங்கள்: ஓடா, தகரமா, சீற்றா, தட்டா. தாளின் மேலே ஊரையும் சிம் கம்பெனியையும் குறித்தால் போதும், வீட்டு இலக்கமும் பெயரும் வேண்டாம். காலையில் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் அளக்க வேண்டும். போன் இல்லாத பிள்ளைகள் கூட்டாளியோடு சேர்ந்து அளக்கலாம். தோட்டங்களில் உறவினரோ தோழிகளோ இருப்பவர்கள் ஒரு லயத்தையாவது அளந்து வாருங்கள், கதவு ஜன்னலைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை. இரவில் அளப்பதற்கு யாரும் வெளியே போக வேண்டாம். இரவில் உள்ளே என்ன எண் வருகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். தாள்கள் கணினி அறை மேசையில் உள்ள நீலப் பெட்டிக்கு வர வேண்டும்.